சிவசமுத்திரம் முதல் கணிப்பொறிக் கூடம் வரை

மலர்க் குழுவினர் என்னை அணுகி, பெங்களூரின் பழைய வரலாற்றில் ஏதேனும் ஒரு பகுதியை எழுதித் தருமாறு கேட்டபொழுது, கெம்பே கௌடரின் கோபுரங்களைப் பற்றியோ அல்சூர் ஏரியைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவற்றைப் பற்றி என்னினும் வல்லார் பலர் எழுதிவிட்டனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மின்சாரச் சிக்கனம். அதிலும் சிறப்பாக, நம் காலனிப் பிள்ளைகளிற் பலர் இரவு பகலாகப் பணிபுரியும் தரவு மையங்களில், அவர்கள் மொழியில் சொன்னால் 'டேட்டா சென்டர்'களில், மின்சாரம் எவ்வாறு செலவாகிறது, அச்செலவைக் குறைக்க என்னென்ன முயற்சிகள் நடந்துள்ளன என்பதே இக்கட்டுரை. புதுமைப் பொருளாயிற்றே, இதில் வரலாறு எங்கே என்று கேட்கலாம். வரலாறு காவிரி அருவியில் இருக்கிறது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கியவர் பாலக்காட்டுத் தமிழர் சர் கே. சேஷாத்ரி ஐயர். 1883 முதல் 1901 வரை அப்பதவியை வகித்தவர். சேஷாத்ரிபுரத்தின் பெயரும், கப்பன் பூங்காவிலுள்ள நினைவு மண்டப நூலகமும் அவரை இன்றும் நினைவூட்டுகின்றன. அவர் காலத்தில் கோலார் தங்கவயலின் சுரங்கங்களை ஜான் டெய்லர் கம்பெனியார் நிருவகித்து வந்தனர். பாறையை இடிக்கவும் நீரை இறைக்கவும் அவர்களுக்கு ஓயாத விசை வேண்டியிருந்தது. விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. சிவசமுத்திரத்தில் காவிரி வீணே விழுகிறதே, அவ்வீழ்ச்சியை விசையாக்கினால் என்ன என்ற எண்ணத்திற்குத் திவான் ஆதரவளித்தார். ராயல் எஞ்சினியர் படைப்பிரிவைச் சேர்ந்த ஜோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளர் அயல்நாடு சென்று ஆராய்ந்து திட்டம் வகுத்தார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் மின்பொறிகளை அளித்தனர். 1902 ஜூன் மாத இறுதியில், 92 மைல் தொலைவு கம்பி வழியே பாய்ந்த மின்சாரம் கோலாரை அடைந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. சேஷாத்ரி ஐயர் அதைக் காணவில்லை. ஓராண்டிற்கு முன், 1901 செப்டம்பரில், காலமாகிவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவிரியின் மின்சாரம் 1902-இலேயே கோலாருக்குச் சென்றது. ஆயினும் பெங்களூரின் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில்தான். முதலில் சுரங்கம், பின்னரே வீடு. 'ஆசியாவிலேயே மின்விளக்குப் பெற்ற முதல் நகரம் நம் பெங்களூர்' என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. கல்கத்தாவில் 1899-ஆம் ஆண்டிலேயே மின்விநியோகம் தொடங்கிவிட்டது என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுகிறேன். பெங்களூரின் பெருமைக்கு வேறு காரணங்கள் போதிய அளவு இருக்கின்றன.

கோலாரின் கதை நமக்கு அயலார் கதையன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம்மவர் ஆயிரக்கணக்கில் அந்தச் சுரங்கங்களில் உழைத்தனர். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருக்கும். ஆகவே காவிரியின் மின்சாரத்தில் ஒரு பகுதி, பொன் எடுப்பதற்கன்று, பொன் எடுப்போர் உயிர்த்திருப்பதற்காகக் கீழே குளிர்காற்றைச் செலுத்துவதில் செலவாயிற்று. வேலைக்கு ஒரு மின்சாரம், வேலை செய்யும் இடத்தின் வெப்பத்தை வெளியேற்ற மற்றொரு மின்சாரம்: இவ்விரட்டைக் கணக்கை வாசகர் மனத்திற்கொள்ளவேண்டும். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அக்கணக்கு மட்டும் மூடப்படவில்லை. பெங்களூரிலேயே வேறொரு வடிவில் திறக்கப்பட்டது.

தேவை பெருகியபொழுதெல்லாம் இந்நாட்டார் செய்தது ஒன்றே: மேலும் ஒரு நீர்வீழ்ச்சியைத் தேடியது. கோடையில் காவிரி வற்றியதும் சிவசமுத்திரப் பொறிகள் தளர்ந்தன. கோலாருக்கு இடையறாது மின்சாரம் தரவேண்டுமென்பது, 1911-இல் கண்ணம்பாடி அணைக்கட்டு தொடங்கப்பெற்றதற்குரிய காரணங்களுள் ஒன்று. அவ்வணையிலிருந்து விளைந்த 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் அதன் பின்வரலாற்றையும் இங்கே வாழும் நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. 1948-இல் ஜோக், 1960-களில் லிங்கனமக்கி அணையும் 1,035 மெகாவாட் சராவதி நிலையமும் வந்தன. நதிகள் போதாமற் போகவே 1980-களில் ராய்ச்சூரில் நிலக்கரி எரியத் தொடங்கிற்று. அண்மையில், 2019-ஆம் ஆண்டளவில், பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா நிறைவெய்தியது. ஒவ்வொரு முறையும் கேள்வி, 'இன்னும் எங்கிருந்து கிடைக்கும்?' என்பதே. 'இருப்பதை எப்படிச் செலவிடுகிறோம்?' என்ற கேள்வி நெடுங்காலம் எழவில்லை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1946-இல் அமெரிக்காவில் உலகறிய இயக்கிக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணிப்பொறி ஏறக்குறைய 18,000 வால்வுகளைக் கொண்டது. சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில், நாம் டாடா இன்ஸ்டிடியூட் என்று வழங்கும் அதே இடத்தில், 1970-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கணிப்பொறி வந்தது. அந்நாளில் கணிப்பொறி என்பது ஓர் அறை. அவ்வறை என்பது குளிர்.

அதை நானும் கண்டிருக்கிறேன். 1970-களின் இறுதியில் இந்நகரின் தொழிற்சாலையொன்றில் எழுத்தனாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே கணிப்பொறி அறைக்கு இரட்டைக் கதவு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். மே மாதத்திலும் உள்ளிருப்போர் கம்பளிச் சட்டை அணிந்திருப்பர். வெயிலுக்கு ஒதுங்க, இல்லாத கோப்பை இருப்பதாகச் சொல்லி அங்கு நுழைந்தோர் பலர். அடியேனும் அவருள் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை கணிப்பொறி நிறுத்தப்பட்டிருக்கும். குளிர்ப்பொறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தச் சொல்லி யாருக்கும் ஆணையில்லை. நிறுத்தினால் திங்கட்கிழமை இயந்திரம் கோளாறு செய்யுமோ என்ற அச்சம் வேறு. இவ்வாறு மூன்று ஆண்டுகள் ஓடின. பின்னர் வந்த இளம் பொறியாளர் ஒருவர் குளிர்ப்பொறிக்குத் தனியே ஒரு மீட்டர் பொருத்தினார். வேறொன்றும் செய்யவில்லை. மாதமுடிவில் அந்த எண்ணைக் கண்ட மேலதிகாரி, அடுத்த ஞாயிறு முதல் தாமே வந்து நிறுத்திவிட்டுப் போனார்.

உலகம் முழுவதிலும் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கடுக்காக வைத்த கூடம். நாம் அனுப்பும் கடிதம், எடுக்கும் புகைப்படம், வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு யாவும் அத்தகைய கூடங்களில்தான் தங்குகின்றன. கணிப்பொறிக்குள் செல்லும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற மேலும் மின்சாரம், மின்தடைக்கு அஞ்சி வைத்த மின்கலங்களில் இழப்பு, விளக்கு, விசிறி. 2007-ஆம் ஆண்டையொட்டிப் பொறியாளர்கள் ஓர் எளிய விகிதத்தை வழக்கிற் கொணர்ந்தனர். கூடம் முழுவதும் வாங்கும் மின்சாரத்தை, கணிப்பொறிகள் மட்டும் வாங்கும் மின்சாரத்தால் வகுக்கவேண்டும். வருவது ஒன்றானால் வீண் செலவு சிறிதுமில்லை. இரண்டானால், கணக்கிட ஒரு ரூபாயும் கணக்கிடும் அறையைக் காக்க ஒரு ரூபாயும் செலவு. அவ்வாண்டில் எடுத்த ஆய்வொன்றில் பல நாட்டு நிலையங்களின் சராசரி 2.5 என்று தெரிந்தது! தொழிற்சாலை மீட்டர் என் மேலதிகாரிக்குச் செய்ததை இவ்வெண் உலகத்திற்குச் செய்தது.

வழிகள் பெரும்பாலும் வியக்கத்தக்கவை அல்ல என்பதே வியப்பு. 1990-களிலேயே, கணிப்பொறி அடுக்குகளை ஒரே முகமாக நிறுத்தாமல் முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக நிறுத்தவேண்டும் என்று கண்டனர். அப்பொழுது ஒரு சந்தில் குளிர்காற்று, மறு சந்தில் வெங்காற்று. இரண்டும் கலவாது. சமையலறைப் புகையைக் கூடத்துக்குள் விட்டுவிட்டுப் பிறகு விசிறியைச் சுழற்றும் குடும்பத்தை நம் பாட்டிமார் என்ன சொல்வர்? நெடுங்காலம் பெருங்கம்பெனிகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

அடுத்தது அச்சம். இயந்திரம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று முறையாகக் கேளாமலே கூடங்களைக் குளிர்காலமாக வைத்திருந்தனர். அமெரிக்கக் குளிரூட்டுப் பொறியாளர் சங்கத்தார் 2004-இல் 20 முதல் 25 டிகிரி வரை போதும் என்றனர்; 2008-இல் அதை 18 முதல் 27 வரை விரித்தனர். இந்த இரண்டு டிகிரி சிறிதெனத் தோன்றலாம். பெங்களூரில் இருப்போர்க்கு அது பெரிது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரில், எந்த மாதத்திலும் சராசரி இரவு வெப்பம் 23 டிகிரியைத் தாண்டுவதில்லை. 27 டிகிரிக் காற்று போதுமென்றால், ஆண்டின் இரவுகள் அனைத்தும், பகல்களிற் பலவும், இயற்கை நமக்கு இலவசமாகத் தரும் குளிரே கூடத்துக்குப் போதுமானது. தூசியும் மழைக்கால ஈரமும் உள்ளே புகாதிருக்க வடிகட்டியும் வெப்பமாற்றியும் இடையில் வேண்டும் என்பது உண்மை. கடற்கம்பிகள் கரையேறும் மும்பையிலும் சென்னையிலும்தான் இந்நாட்டின் தரவு மையங்கள் மிகுதியாக எழுந்துள்ளன. வியர்வை வடியும் கடற்கரையில் அவற்றைக் கட்டிவிட்டு, விசிறியின்றி உறங்கத்தக்க மேட்டு நிலத்தைக் குறைவாகப் பயன்படுத்துவது சிக்கனக் கண்கொண்டு பார்ப்பார்க்கு விந்தையாகவே தோன்றும்.

மூன்றாவது, என் மனத்தில் எல்லாவற்றிலும் முதன்மையானது, சும்மா இருக்கும் இயந்திரம். 2007-இல் கூகிள் கம்பெனியின் பொறியாளர்கள் பரோசோ, ஹோல்ஸ்லே என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணிப்பொறிகள் பெரும்பாலும் தம் திறனில் பத்து முதல் ஐம்பது விழுக்காடே உழைக்கின்றன. ஆனால் ஒன்றும் செய்யாதிருக்கும்போதும் முழு உழைப்பின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை உண்கின்றன என்று அவர்கள் காட்டினர். பத்து இயந்திரங்களின் சில்லறை வேலைகளை இரண்டில் திரட்டி எட்டை நிறுத்திவிடும் முறையும் பரவியது. குளிரூட்டலில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் நிறுத்திய இயந்திரத்துக்கு ஈடாகாது. அதற்குக் குளிரூட்டலே வேண்டாம்.

இம்முயற்சிகளின் பலன் அளந்தறியப்பட்டுள்ளது. 2010 முதல் 2018 வரை உலகத் தரவு மையங்கள் செய்த வேலை ஆறரை மடங்காயிற்று. அவை உண்ட மின்சாரமோ ஆறு விழுக்காடே கூடியது என்று 2020-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஆய்வாளர் எழுதினர். பொறியியல் வரலாற்றில் இத்தகைய சிக்கனம் அரிது. ஆயினும் மகிழ்ந்து அமர இயலவில்லை. மேற்சொன்ன விகிதத்தின் சராசரி 1.6-ஐ ஒட்டி வந்து பல ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. எளிய வெற்றிகள் தீர்ந்தன போலும். இதற்கிடையே செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2024-இல் உலகத் தரவு மையங்கள் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின. 2030-க்குள் அது 94,500 கோடி ஆகலாம். 1865-இலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர், நீராவிப் பொறி சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடுகிறதேயன்றிக் குறையவில்லை என்று எழுதிவைத்தார். நூற்றறுபது ஆண்டு கழித்தும் அவர் நம்மை விட்டபாடில்லை.

இந்த இடத்தில்தான் பெங்களூருக்கே உரிய சிக்கல் தோன்றுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வழிகளுள் பெரிதும் விரும்பப்படுவது நீரை ஆவியாக்கிக் குளிரூட்டுவது. மண்பானைத் தத்துவமே அது. கோபுரத்தின்மேல் நீரைத் தெளித்துக் காற்றை வீசினால், நீர் ஆவியாகி வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. அழுத்தப் பொறியின் மின்செலவு கணிசமாகக் குறைகிறது. ஏட்டில் விகிதம் அழகாக இறங்கும். ஆனால் ஒரு யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோக ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும் என்பது பௌதிக விதி. ஒரு மெகாவாட் கூடம் ஒரு நாளில் 24,000 யூனிட் வெப்பத்தை உமிழும். அதற்குச் சுமார் 35,000 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுப்படி, இருநூற்றைம்பது பேருக்கு மேற்பட்டோரின் ஒருநாள் நீர் வானத்துக்குப் போகிறது.

அந்நீர் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் ஹெசரகட்டாவும் திப்பகொண்டனஹள்ளியும் ஊரின் தாகம் தீர்த்தன. 1974 முதல் காவிரியே கதி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றி, பம்புகள் நமக்கு அதைத் தருகின்றன. ஆயிரம் லிட்டரை அவ்வுயரம் ஏற்றவே, பம்பின் இழப்பையும் சேர்த்தால், சுமார் இரண்டு யூனிட் செல்லும். 1902-இல் காவிரி கீழே விழுந்து மின்சாரம் தந்தது. இன்று மின்சாரம் செலவழித்துக் காவிரியை மேலே தூக்குகிறோம். மின்கணக்கை மட்டும் பார்த்தால் கோபுரக் குளிரூட்டல் இன்னும் ஆதாயமே. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று இந்நகரில் ஆணை பிறந்ததும், நம் காலனிப் பெண்மணிகள் தண்ணீர் லாரிக்காக நள்ளிரவில் விழித்திருந்ததும் எந்த விகிதத்திலும் ஏறாத கணக்குகள். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பெற்று நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்க வழி பிறந்தது. மறுபடியும் அதே பழைய விடைதான்: இன்னும் கொஞ்சம் காவிரி.

வேறு விடைகளும் உள்ளன. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022-இல் 'பரம் பிரவேகா' என்னும் மீக்கணிப்பொறி நிறுவப்பட்டது. நொடிக்கு 3,300 லட்சம் கோடிக் கணக்குகள் அதன் உச்சத் திறன். இந்த இனத்து இயந்திரங்களில் காற்றை ஊதுவதற்கு மாறாக, குழாய்களின் வழியே நீரைச் சில்லுகளின் முதுகிலேயே ஓடவிடுகின்றனர். அந்நீர் குளிர்ந்திருக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பாகவே உள்ளே போகலாம். 40 டிகிரி வரை ஏற்கும் இயந்திரத்துக்குப் பெங்களூரின் கோடைப் பகற்காற்றே குளிர். மூடிய குழாயில் சுற்றிவரும் நீர் ஆவியாகித் தொலைவதுமில்லை. மின்சாரம், நீர் இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. புதிய கூடங்களுக்கு இது பொருந்தும்; பழைய கூடங்களில் குழாய் பதிப்பது எளிதன்று.

பழைய கூடங்களுக்குக் கழிவுநீர் இருக்கிறது. முகம் சுளிக்க வேண்டா. நாம் பயன்படுத்திக் கழித்த காவிரி நீர் நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் இந்நகரில் சுத்திகரிக்கப்படுகிறது. முறையாகத் தெளிவித்தால் கோபுரத்துக்கு அது தாராளமாக ஆகும். குடிநீரை வானத்துக்கு அனுப்பும் தேவை ஒழியும். அந்நீருக்கு ஏற்கெனவே ஒரு பெரிய பயன் கண்டுள்ளனர். 2018 ஜூன் முதல், கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த நீரைப் பெருங்குழாய்கள் வழியே வறண்ட ஏரிகளுக்கு அனுப்பி வருகின்றனர். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. அவ்வேரிகள் இருக்கும் மாவட்டம் கோலார்.